இரண்டு டம்ளர் – சரி எது, தப்பு எது என்று நமக்கு யார் சொன்னது?



இந்தப் பாடம் எங்கள் சாங்வி வகுப்பில் பிறந்தது. சாங்வி மகாராஷ்டிராவில் புனேக்குப் பக்கத்தில் இருக்கிறது. முளா ஆறும் பவனா ஆறும் அதன் ஓரமாக ஓடுகின்றன. ஆற்றைத் தாண்டினால் ஔந்த். அங்கே பெரிய பெரிய அடுக்குமாடி வீடுகள். எங்கள் வகுப்புக்கு வரும் அக்காமார்களில் பலர் அந்த வீடுகளில்தான் வேலை செய்கிறார்கள். அண்ணன்மார்கள் கட்டட வேலைக்கும் பிம்ப்ரி பக்கம் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள்.

இரவு எட்டரை மணிக்கு வகுப்பு. ஒரு வீட்டின் முன் கூடம்தான் பள்ளிக்கூடம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்குத் தெரிந்த எழுத்தைச் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் எழுத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பேசினோம். அதை இங்கே எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள். புரியாத இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்.

1. பையில் இருந்த பணம்

அன்று 'ப' எழுத்தில் தொடங்கும் சொற்களை எழுதினோம். படம், பணம், பழம், பழக்கம். 'பணம்' என்று எழுதியதும் ஓர் அக்கா சிரித்தார்.

"ஏன் அக்கா சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில இந்தப் பணம் என்னைப் படாத பாடு படுத்திடுச்சு டீச்சர்" என்றார்.

அவர் வேலை செய்யும் வீட்டில் துணி துவைக்க எடுத்திருக்கிறார். ஒரு பேண்ட் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. குளியலறையில் அவர் மட்டும்தான். யாரும் பார்க்கவில்லை. நோட்டை வைத்தவருக்கே ஞாபகம் இருக்காது. அக்காவின் மகனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். கையில் காசு இல்லை.

"என்ன செஞ்சீங்க?" என்று எல்லாரும் கேட்டோம்.

"கொஞ்ச நேரம் கையிலேயே வச்சிருந்தேன். அப்புறம் அந்த அம்மாகிட்ட குடுத்துட்டேன்."

"ஏன் குடுத்தீங்க?"

அக்கா யோசித்தார். "மனசு கேக்கல" என்றார்.

'மனசு கேக்கல' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இந்த மனசை மனசாட்சி என்றும் சொல்கிறோம். இது சரி, இது தப்பு என்று உள்ளேயிருந்து சொல்லும் குரல் அது. அந்தக் குரல் நமக்குள்ளே எப்படி வந்தது? யார் வைத்தது? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்.

2. ஆளுக்கு ஒரு பதில்

கட்டட வேலை செய்யும் ஓர் அண்ணன் முதலில் சொன்னார். "பயம்தான் காரணம். இப்ப எங்க பார்த்தாலும் கேமரா. மாட்டிக்கிட்டா வேலை போயிடும், போலீஸ் வந்துடும்."

அக்கா மறுத்தார். "குளியலறையில ஏது கேமரா? பயந்து குடுக்கலை. குடுக்காம இருந்திருந்தா ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்."

ஒரு பெரியம்மா சொன்னார். "மேல ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கான். அவன் வச்ச மனசுதான் அது."

எங்கள் வகுப்பில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் உண்டு. திருடாதே, பொய் சொல்லாதே, பசித்தவனுக்குச் சோறு போடு என்று அவரவர் சாமி சொன்னதை எல்லாரும் சொன்னார்கள். சொன்னது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சாமி கும்பிடாத ஓர் அண்ணனும் வகுப்பில் இருக்கிறார். அவரும் அடுத்தவர் காசைத் தொட மாட்டார். அது எல்லாருக்கும் தெரியும்.

அக்கா தன் கதையைச் சொன்னார். சின்ன வயதில் அடுத்த வீட்டு மரத்தில் ஒரு கொய்யாப்பழத்தைப் பறித்தாராம். அவருடைய அம்மா அடிக்கவில்லை. கையைப் பிடித்து அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். பழத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். "இன்னைக்கு நோட்டை எடுத்தப்போ அந்தக் கொய்யாப்பழம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார் அக்கா.

ஆக மூன்று பதில் கிடைத்தது. பயம். சாமி. பெற்றோர் வளர்த்த விதம். பயத்தால் மட்டும் நடப்பவன் யாரும் பார்க்காத இடத்தில் மாறிவிடுவான். மற்ற இரண்டும் உள்ளே பதிந்து நிற்கின்றன.

3. குழந்தையைப் பாருங்கள்

இன்னொரு பதிலும் இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதற்கு முன்பே நமக்குள் ஒரு விதை இருக்கிறதா?

2006-ஆம் ஆண்டு ஜெர்மனியில் செய்த ஓர் ஆராய்ச்சி பற்றி வெளிவந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைகளை ஓர் அறையில் விட்டார்கள். ஒரு பெரியவர் கொடியில் துணி காயப்போட்டார். துணி கிளிப் ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. அவர் எட்டி எட்டிப் பார்த்தார். கைக்கு எட்டவில்லை. குழந்தைகளில் பலர் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை. மிட்டாயும் கொடுக்கவில்லை. பெரியவர் வேண்டுமென்றே கிளிப்பைக் கீழே போட்டபோது பெரும்பாலும் எடுத்துத் தரவில்லை. இவருக்கு உதவி வேண்டும், இவருக்கு வேண்டாம் என்று அந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கிறார்கள்.

விலங்குகளிடமும் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் அமெரிக்காவில் இரண்டு குரங்குகளுக்கு ஒரே வேலை கொடுத்தார்கள். சின்னக் கல்லை எடுத்து மனிதர் கையில் தர வேண்டும். கூலி, ஒரு துண்டு வெள்ளரிக்காய். இரண்டும் வாங்கிச் சாப்பிட்டன. பிறகு ஒரு குரங்குக்கு மட்டும் திராட்சைப்பழம் கொடுத்தார்கள். குரங்குக்குத் திராட்சை என்றால் உயிர். பக்கத்துக் குரங்கு அதைப் பார்த்தது. அதன் பிறகு பல தடவை வெள்ளரிக்காயை வாங்க மறுத்தது. கொடுத்ததைத் தூக்கியும் எறிந்தது. இதற்கு வேறு விளக்கம் சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க கம்பெனிலயும் இதே கதைதான். அதே வேலை. பெர்மனென்ட் ஆளுக்குத் திராட்சை, கான்ட்ராக்ட் ஆளுக்கு வெள்ளரிக்காய்" என்றார்.

இரக்கமும் நியாய உணர்வும் விதையாக நமக்குள் இருக்கின்றன. வீடும் ஊரும் அந்த விதைக்குத் தண்ணீர் ஊற்றுகின்றன. இதுவரை சரி. ஆனால் வீடும் ஊரும் எப்போதும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுகின்றனவா?

4. எங்கள் வீட்டுத் திண்ணை

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது விடுமுறைக்கு ஊருக்குப் போவேன். பாட்டி வீட்டுத் திண்ணையில் ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு பழைய தகர டம்ளர் இருக்கும். சாக்கடை தள்ள ஓர் அம்மா வருவார். வேலை முடிந்ததும் அவரே அந்த டம்ளரை எடுத்து நீட்டுவார். என் பாட்டி தூக்கிப் பிடித்துக் காப்பி ஊற்றுவார். குடித்துவிட்டு அவரே கழுவி மாடத்தில் வைக்க வேண்டும். எங்களுக்கு வேறு டம்ளர். அது வீட்டுக்குள் இருக்கும்.

அந்த அம்மாவுக்கு என் பாட்டி வயது. நான் அவரை 'வா', 'போ' என்றுதான் பேசினேன். வேறு எந்தப் பெரியவரையும் அப்படிப் பேசினால் என் வாயில் அடி விழும். இவரைப் பேசியபோது யாரும் என்னைத் திருத்தவில்லை.

என் பாட்டி நல்லவர். பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. பொய் சொல்லாதே, அடுத்தவர் பொருளைத் தொடாதே என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். அதே பாட்டிதான் தகர டம்ளரையும் காட்டிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே வாயால் சொன்னார். இரண்டும் சரி என்றே நான் நம்பினேன். என் மனசு உறுத்தவே இல்லை.

இதுதான் பயமான விஷயம். தப்பு செய்யும்போது மனசாட்சி உறுத்தும் என்கிறோம். எனக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் அது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழக்கம் மனசாட்சியின் வாயை அடைத்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் தீண்டாமை பற்றிப் பாடம் வந்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். பல நாள் கழித்துத்தான் அந்த மாடம் நினைவுக்கு வந்தது. பாடத்தில் இருந்தது எங்கள் திண்ணை என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்த அம்மா அங்கே இல்லை. மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் பெயரைக் கேட்டேன். வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

5. சாணி எறிந்தவர்கள்

அப்படியானால் ஊரே சரி என்று சொல்வது தப்பாக இருக்க முடியுமா? இருக்க முடியும். அதற்குப் புனேயிலேயே ஒரு கதை இருக்கிறது.

சாங்வியிலிருந்து ஔந்த் வழியாகப் போனால் புனே பல்கலைக்கழகம் வரும். 2014-இல் அதற்குச் சாவித்ரிபாய் புலே பெயரை வைத்தார்கள். யார் இந்தச் சாவித்ரிபாய்?

1831 ஜனவரி 3 அன்று சாத்தாரா மாவட்டத்தில் நாய்காவ் என்ற கிராமத்தில் பிறந்தார். 1840-இல் கல்யாணம் ஆனது. அப்போது அவருக்கு வயது 9. கணவர் ஜோதிராவ் புலேக்கு வயது 13. சாவித்ரிபாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்மைப் போலத்தான். கல்யாணத்துக்குப் பிறகுதான் எழுத்துக் கற்றார். கணவரே சொல்லித் தந்தார். பிறகு ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

1848-இல் புனேயில் பிடே வாடா என்ற வீட்டில் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். சாவித்ரிபாய் ஆசிரியர் ஆனார். அவருக்கு வயது 17.

ஊர் கொதித்தது. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்றார்கள். சூத்திரரும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் படிப்பது பாவம் என்றார்கள். சாவித்ரிபாய் தெருவில் நடந்தால் சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். அவர் பையில் ஒரு மாற்றுச் சேலை எடுத்துப் போவார். பள்ளிக்கூடம் போனதும் சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார்.

ஜோதிராவின் அப்பாவுக்கும் ஊர் நெருக்கடி கொடுத்தது. 1849-இல் மகனும் மருமகளும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தை அவர்கள் விடவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். சாணி எறிந்தவர்கள் ரவுடிகளா? பலர் அப்படி இல்லை. காலையில் குளித்துச் சாமி கும்பிட்டவர்கள்தான். தங்கள் பிள்ளைகளைப் பாசமாக வளர்த்தவர்கள்தான். 'நாம் சரியானதைச் செய்கிறோம்' என்றே நினைத்தார்கள். அவர்களுக்கும் மனசாட்சி இருந்தது. அது பழக்கத்தின் பக்கம் நின்றது.

இன்று அதே ஊர் ஜனவரி 3 அன்று சாவித்ரிபாய் படத்துக்கு மாலை போடுகிறது. 1848-இல் பெண் படிப்பது தப்பு. இன்று பெண்ணைப் படிக்க வைக்காததுதான் தப்பு. ஊரின் சரியும் தப்பும் மாறிவிட்டன. தானாக மாறவில்லை. சிலர் கேள்வி கேட்டார்கள். சிலர் சாணியடி வாங்கினார்கள். அதனால் மாறியது.

6. கிணற்றைத் திறந்தவர்கள்

ஜோதிராவுக்கு இது தப்பு என்று எப்படித் தெரிந்தது? அவரும் அதே ஊரில் வளர்ந்தவர்தானே?

அவர் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1848-இல் ஒரு பிராமண நண்பரின் கல்யாண ஊர்வலத்துக்குப் போனார். 'நீ தாழ்ந்த சாதி, எங்களோடு எப்படி நடக்கலாம்?' என்று அங்கே அவரை அவமானப்படுத்தினார்கள். அந்த வலி அவரை யோசிக்க வைத்தது. அவர் நிறையப் படித்தார். எல்லா மனிதருக்கும் ஒரே உரிமை என்று எழுதிய தாமஸ் பெயின் என்பவரின் புத்தகத்தைப் படித்தார். தன் வலியைப் பற்றி மட்டும் அவர் யோசிக்கவில்லை. 'எனக்கு வலித்தால் எனக்கும் கீழே தள்ளப்பட்டவனுக்கு எவ்வளவு வலிக்கும்?' என்ற திசையில் போனார்.

1868-இல் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பொதுக் கிணற்றைத் தொட விடாத காலம் அது. 1873 செப்டம்பர் 24 அன்று சத்திய சோதக் சமாஜ் என்ற சங்கத்தை ஜோதிராவ் தொடங்கினார். உண்மையைத் தேடுவோர் சங்கம் என்று பொருள். ஜோதிராவ் 1890-இல் இறந்தார்.

1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. சாவித்ரிபாயின் வளர்ப்பு மகன் டாக்டர். நோயாளிகளுக்கு ஊருக்கு வெளியே மருத்துவமனை வைத்தார்கள். நோய் பிடித்த ஒரு சிறுவனைச் சாவித்ரிபாயே தூக்கிக்கொண்டு வந்தார். நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். வயது 66. தொடக் கூடாது என்று ஊர் ஒதுக்கியவர்களை அவர் கடைசி நாள் வரை தொட்டுத் தூக்கினார்.

7. சட்டம் சொல்வது

"சட்டம்னு ஒண்ணு இருக்கே. அது சரி தப்பைச் சொல்லாதா?" என்று ஓர் அண்ணன் கேட்டார்.

சொல்லும். 1950 ஜனவரி 26 அன்று நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்களுக்குத் தண்டனை தரத் தனிச் சட்டம் வந்தது. டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைத்தால் குற்றம். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

சட்டமும் காலத்தோடு மாறுகிறது. 1929-இல் வந்த சட்டம் பெண்ணின் கல்யாண வயது 14 என்றது. இன்று அது 18.

ஆனால் சட்டம் தாளில் இருந்தால் மட்டும் போதாது. மகாராஷ்டிராவில் மகாட் என்று ஓர் ஊர். அங்கே சவதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். எல்லாச் சாதியாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று 1924-இல் நகராட்சி தீர்மானம் போட்டது. ஆனாலும் ஒதுக்கப்பட்டவர்களால் பக்கத்தில் போக முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போனார். குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்காக அங்கே வந்தவர்களை ஊரார் சிலர் அடித்தார்கள். தீர்மானம் போட்டு மூன்று ஆண்டு ஆன பிறகும் ஊரின் மனசு மாறவில்லை.

சட்டம் நமக்குத் துணை. நம் மனசுக்குப் பதிலாகச் சட்டம் யோசிக்காது.

8. மூன்று கேள்விகள்

அப்படியானால் வீடு சொன்னதையும் ஊர் சொன்னதையும் எப்படிச் சோதிப்பது? எல்லாவற்றையும் தூக்கி எறியவா? வேண்டாம். அக்காவின் அம்மா கொய்யாப்பழத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தாரே, அது எவ்வளவு நல்ல பாடம்! அரிசியைப் புடைப்பது போலப் புடைக்க வேண்டும். கல் தனி, அரிசி தனி. அதற்கு எங்கள் வகுப்பு மூன்று கேள்விகளைக் கண்டுபிடித்தது.

முதல் கேள்வி: நான் அவர் இடத்தில் இருந்தால் இதைச் சரி என்று சொல்வேனா?

இரண்டாவது கேள்வி: இந்த விதி எல்லாருக்கும் ஒன்றா? அல்லது ஒருவருக்கு மட்டும் கட்டு, இன்னொருவருக்கு விடுதலையா?

மூன்றாவது கேள்வி: ஏன் என்று கேட்டால் காரணம் இருக்கிறதா? அல்லது 'அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான்' என்பது மட்டும்தான் பதிலா?

ஐந்நூறு ரூபாயைச் சோதித்தோம். என் பணத்தை இன்னொருவர் எடுத்தால் எனக்கு வலிக்கும். திருடாதே என்பது பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே விதி. காரணமும் இருக்கிறது. நம்பிக்கை போனால் யாரும் யாரோடும் வாழ முடியாது. திருப்பிக் கொடுத்தது சரி.

தகர டம்ளரைச் சோதித்தோம். மூன்றிலும் தோற்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகும் பழக்கத்தைச் சோதித்தோம். எல்லாருக்கும் ஒரே விதி. வீடு சுத்தமாக இருக்கும். அந்தப் பழக்கம் தேறியது.

எல்லாரும் உற்சாகமாக இருந்தோம். அப்போது பெரியம்மா கட்டட வேலை அண்ணனைப் பார்த்தார். "ஏம்பா, உன் பொண்ணை ஒன்பதாவதோட நிறுத்திட்டியே. பையன் படிக்கிறான். அதையும் இந்த மூணு கேள்வியில போடு பார்க்கலாம்" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. "வீட்டுல தம்பியைப் பார்த்துக்க ஆள் வேணும் பெரியம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவரே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவர் மேல் கேள்வி போடுவது சுலபம். நம் வீட்டு மேல் போடும்போதுதான் கஷ்டம்.

9. ஜன்னல் மேல் இருக்கும் டம்ளர்

வகுப்பு முடியும் நேரம். நோட்டைத் திருப்பிக் கொடுத்த அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், உங்க பாட்டி வீட்டு டம்ளர் மாதிரி எனக்கும் ஒண்ணு இருக்கு. அந்த அம்மா வீட்டுல பால்கனி ஜன்னல் மேல இருக்கு. எனக்கு அதுலதான் டீ. நாலு வருஷமா குடிக்கிறேன்."

எல்லாரும் அமைதியானோம். வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுக்கிறார்கள். குழந்தையைக் கொடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது 'நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்றும் சொன்னார்களாம். டம்ளர் மட்டும் வேறு.

ஓர் அண்ணன் "நாளைக்கே வேலையை விட்டுடுங்க" என்றார். அக்கா கோபப்பட்டார். "என் வீட்டு வாடகையை நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். சரி எது என்று தெரிவது ஒரு வேலை. அதைச் செய்வது இன்னொரு வேலை. செய்தால் வரும் இழப்பைத் தாங்கப்போவது யார் என்றும் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் பழைய வெள்ளம் ஞாபகம் வந்தது. ஒரு மழைக்காலத்தில் அணை திறந்து ஆறு ஏறி, வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. எல்லாரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். "ஒரே அண்டாவுல சோறு. ஒரே சொம்புல தண்ணி. யாரும் யாரையும் என்ன ஆளுன்னு கேக்கலை. மூணு நாள் நல்லாத்தான் இருந்தோம். தண்ணி வடிஞ்சதும் பழைய புத்தி திரும்பி வந்துடுச்சு" என்றார். கஷ்டம் வரும்போது உள்ளே இருக்கும் விதை தானாக முளைக்கிறது. வசதி வந்ததும் பழக்கம் அதை மூடிவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தார். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டாராம்.

"சாவியை நம்பிக் குடுக்கிறீங்க. டம்ளர் மட்டும் ஏன் வேறன்னு கேட்டேன். எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான்னு சொன்னாங்க. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"இனிமே எனக்கு டீ வேண்டாம்மான்னு சொன்னேன். வேலையை விடல. டீயை விட்டுட்டேன்."

அந்த வீட்டு டம்ளர் இன்னும் மாறவில்லை. ஜன்னல் மேல் சும்மா இருக்கிறது. அதைத் தினமும் அந்த அம்மா பார்க்கிறார். அக்காவும் பார்க்கிறார்.

இந்த அக்காவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பு தன் பெயரை எழுதத் தெரியாது. அன்று வகுப்பில் அவர் எழுதிய முதல் முழு வாக்கியத்தைக் கரும்பலகையில் விட்டுவிட்டேன். அழிக்கவில்லை. 'பழக்கம் எல்லாம் நியாயம் ஆகாது.'

புதிய சொற்கள்

மனசாட்சி – சரி எது, தப்பு எது என்று உள்ளிருந்து சொல்லும் குரல்
பழக்கம் – நெடுநாளாகச் செய்து வருவது
நியாயம் – எல்லாருக்கும் பொதுவான சரி
தீண்டாமை – பிறப்பைக் காட்டி ஒருவரைத் தொடாமல் ஒதுக்குவது
தீர்மானம் – பலர் கூடி எடுக்கும் முடிவு

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. சாவித்ரிபாய் பிறந்த ஆண்டு ______.
2. பிடே வாடாவில் பள்ளிக்கூடம் திறந்த ஆண்டு ______.
3. மகாட் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தவர் டாக்டர் ______.
4. தீண்டாமையை ஒழித்தது அரசியல் சட்டத்தின் ______-ஆவது பிரிவு.

பேசிப் பாருங்கள்

1. யாரும் பார்க்காதபோது நீங்கள் செய்த ஒரு நல்ல காரியம் என்ன? ஏன் செய்தீர்கள்?
2. அக்கா டீயை மட்டும் விட்டார். வேலையை விடவில்லை. அது சரியா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?
3. கட்டட வேலை அண்ணனின் மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போக என்ன வழி? அவர் இடத்திலிருந்தும் யோசியுங்கள். அவர் மகளின் இடத்திலிருந்தும் யோசியுங்கள்.

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் நெடுநாளாக இருக்கும் ஒரு பழக்கத்தை எழுதுங்கள். அதை மூன்று கேள்விகளில் போட்டுச் சோதியுங்கள். தேறினால் பிள்ளைகளுக்கும் சொல்லித் தாருங்கள். தேறாவிட்டால் எங்கிருந்து மாற்றத் தொடங்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

(கோடிட்ட இடங்களுக்கு விடை: 1. 1831 2. 1848 3. அம்பேத்கர் 4. 17)